கோடியக்கரை முனை: உதயம், அஸ்தமனம், காணாமப் போன கலங்கரை விளக்கம்

ஒருத்தர் கேட்டது:
கோடியக்கரையில ஒரே இடத்துல நின்னு சூரியன் கடல்லேர்ந்து எழுறதையும் கடல்ல இறங்குறதையும் பார்க்கலாம்னு ஃப்ரெண்ட் அடிச்சுச் சொல்றான். அது கன்னியாகுமரியிலதான் முடியும்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி? அப்புறம் அந்த சோழர் காலத்து கலங்கரை விளக்கம் இப்ப எங்க இருக்கு, மேல ஏற விடுவாங்களா? தனுஷ்கோடி மாதிரி கடைசி முனை வரைக்கும் வண்டி போகுமா?

நவம்பர் 9
நீங்க சொல்றதுதான் சரி. உதயம் கடல்ல நல்லா தெரியும், அஸ்தமனம் தெரியாது. எங்க அம்மா பொறந்த ஊரு வேதாரண்யம் பக்கம், சின்ன வயசுலேர்ந்து ஒவ்வொரு கோடை லீவுக்கும் அங்கதான் இருப்பேன், சாயங்காலம் கோடியக்கரையில சூரியன் சதுப்புக்கும் உப்பளத்துக்கும் பின்னாடி இறங்குறதைத்தான் பார்த்திருக்கேன், கடல்ல இறங்கி ஒரு நாளும் பார்த்ததில்ல.

மேப்ல பாருங்க, புரியும். சோழமண்டலக் கரை வடக்கேர்ந்து நேரா தெற்கே இறங்கி வந்து, கோடியக்கரையில ஒரு மடக்கு மடங்கி அப்படியே மேற்கே திரும்பிடுது, கிட்டத்தட்ட செங்கோணம். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் ஒரே சதுப்பு. காவிரி டெல்டாவோட தென்கிழக்கு மூலை இதுதான். கோடின்னாலே மூலை, கடைசின்னுதானே அர்த்தம்.

முனைன்னதும் பாறை, குன்று, கீழ அலை வந்து மோதுறதுன்னு கற்பனை பண்ணிட்டு வந்துடாதீங்க. கல்லே கிடையாது. முழுக்க மணல். இந்த முனையில உசரமான இடம் ராமர் பாதம், அது கடல்மட்டத்துலேர்ந்து சுமார் 4 மீட்டர். அந்த மேட்டு மேல ஒரு கல்லுல ரெண்டு பாதம் இருக்கும், ராமர் இங்க நின்னுதான் இலங்கையைப் பார்த்தார்னு ஐதீகம். அந்த 4 மீட்டர் ஏறினதுக்கே சுத்தி இருக்கிற காடு மொத்தமும் தெரியும், அவ்வளவு தட்டையான ஊரு.

நவம்பர் 9, ராத்திரி
கலங்கரை விளக்கத்தை விட்டுட்டேன். மூணு இருக்கு, இல்ல, ரெண்டுதான் இருக்கு. 45 மீட்டர் உசர கான்கிரீட் கோபுரம் ஒண்ணு, அது இப்ப உள்ளது. பிரிட்டிஷ்காரங்க காலத்து சின்னது ஒண்ணு, பெருசுல மூணுல ஒரு பங்கு கூட வராது. மூணாவதுதான் நீங்க கேட்ட சோழர் காலத்துது, அது 2004 சுனாமியில விழுந்துடுச்சு. ஏறிப் பார்க்க ஒண்ணும் மிச்சமில்ல.

நவம்பர் 12
"விழுந்துடுச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன், ரெண்டு நாளா மனசு கேக்கல, அதனால எழுதுறேன்.

அது சுனாமிக்கு முன்னாடியும் முழுசா ஒண்ணும் இல்ல. செங்கல்லால கட்டின ஒரு மொட்டைத் தூண், கடலோரமா, மேல் பாகம் எப்பவோ இடிஞ்சு போயிருந்துச்சு. முதலாம் பராந்தகன் கட்டினதுன்னு சொல்ற வழக்கம். எனக்கு அப்ப ஒம்பது வயசு, மாமா சைக்கிள்ல முன்னாடி பார்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனார். காட்டு ரோடு தாண்டினதும் சைக்கிளைப் போட்டுட்டு மணல்ல நடந்தோம். கிட்டப் போயி தொட்டுப் பார்த்தேன். இப்ப வீடு கட்டுற செங்கல் மாதிரி இல்ல, பட்டையா அகலமா இருந்துச்சு, உப்புக் காத்து அரிச்சு அரிச்சு ஒவ்வொரு கல்லும் நடுவுல குழிஞ்சு போயி, சாந்து மட்டும் விளிம்பா நீட்டிக்கிட்டு நின்னுச்சு, தேன்கூட்டைத் தொட்ட மாதிரி. கல்லைவிட சாந்து கெட்டியா இருக்கேன்னு மாமாகிட்ட கேட்டேன். "அந்தக் காலத்து சுண்ணாம்பு மாப்ள, கல்லு போனாலும் அது போகாது"ன்னார்.

சுனாமிக்கப்புறம் போனப்ப அந்தச் சாந்தும் போயிருந்துச்சு. அடிப்பாகம் கொஞ்சம், பக்கத்துல பெரிய பெரிய துண்டா சாஞ்சு கிடந்த செங்கல் கட்டு, அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துல எத்தனை புயலை அது பார்த்திருக்கும்! 52 புயல், 77 புயல், எல்லாத்துக்கும் நின்னுச்சு. ஒரு நாள் காலையில ஒரு அலைக்குப் போயிடுச்சு. 'பொன்னியின் செல்வன்' நாவல் படிச்சுட்டு அந்த விளக்கத்தைத் தேடி வர்ற பசங்க அந்தச் செங்கல் குவியல் முன்னாடி கொஞ்ச நேரம் பேசாம நிக்கிறதை நானே பார்த்திருக்கேன். மனசு வலிக்கும். அது நின்னப்பவே பாதுகாத்திருக்கணும்ங்கிறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

நவம்பர் 13
"இந்த மணல் காட்டுல எதுக்கு விளக்கம் கட்டினாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. மணல் காடா இருக்கிறதாலதான்.

கடல்ல படகுல உக்காந்திருக்கிறவன் கண்ணு தண்ணியிலேர்ந்து ஒரு ரெண்டு மீட்டர் உசரத்துல இருக்கும்னு வச்சுக்கங்க. 4 மீட்டர் மேடு அவனுக்கு ஒரு 12 கிலோமீட்டர் தாண்டினா பூமி வளைவுல முங்கிடும். மரம் இருந்தா இன்னும் கொஞ்ச தூரம் தெரியும். 45 மீட்டர் கோபுரம்னா 25 கிலோமீட்டர் தாண்டியும் தலை தெரியும். மலை இருக்கிற கரைன்னா மலையே அடையாளம், இங்க அடையாளத்தை மனுசன்தான் எழுப்பணும். அதுலயும் இந்த மூலையில கரை மடங்குது, ஆழம் குறைவு, மணல் திட்டு வேற. தெரியாம வந்தா கப்பல் தரை தட்டிடும். எதிர்ப்பக்கம் காங்கேசன்துறை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், போக வர எப்பவும் நடமாட்டம் இருந்த கடல். விளக்கு இல்லாம முடியாது.

நவம்பர் 16
இன்னையோட கஜா அடிச்சு ஆறு வருஷம். 2018 நவம்பர் 16 விடியக்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு.

இந்தப் பக்கத்துல அடையாளம் பத்திப் பேசிக்கிட்டு இதைச் சொல்லாம இருக்க முடியாது. புயலுக்கு மூணு நாள் கழிச்சுதான் என்னால ஊருக்குள்ள போக முடிஞ்சுச்சு. எனக்கு வழி தெரியாமப் போச்சு. நான் பொறந்ததுலேர்ந்து போன வழி! "புளியமரம் தாண்டி இடது பக்கம், தென்னந்தோப்பு முடியிற இடத்துல மாமா வீடு"ன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருக்கும்ல, அதுல புளியமரமும் இல்ல தோப்பும் இல்ல. எல்லாத் தென்னையும் ஒரே திசையில தலை வச்சுப் படுத்துக் கிடந்துச்சு. புஷ்பவனத்துல கடல் கருப்புச் சேறை ஊருக்குள்ள கொண்டாந்து தள்ளியிருந்துச்சு, வீட்டு வாசல் வரைக்கும். மாமா வாசல்ல நின்னு கை ஆட்டினாரு, இல்லன்னா நான் தாண்டியே போயிருப்பேன்.

கோடியக்காட்டுல இன்னும் கொடுமை. அது சாதாரணக் காடு இல்ல, கடலோரத்துல வளர்ற வறண்ட பசுமைமாறாக் காடு, தமிழ்நாட்டுல இப்படி மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான். அதுல முக்கியமான மரம் பாலை. கோடையில அதுல பாலப்பழம் பழுக்கும், மஞ்சளா சின்னதா வேப்பம்பழம் கணக்கா, வாயில போட்டா அப்படி ஒரு தித்திப்பு, நாலு தின்னதும் பால் உதட்டுல ஒட்டிக்கிட்டு ரெண்டு உதடும் பிரியாது. நாங்க பேச முடியாம ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து சிரிப்போம். அந்த மரம் வளர எத்தனை காலம் ஆகும், அது வேரோட சாஞ்சு கிடந்துச்சு. வெளிமானும் மட்டக்குதிரையும் தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போயி காரைக்கால் பக்கம் வரைக்கும் ஒதுங்கினதா அப்ப சேதி வந்துச்சு.

இப்ப காடு கொஞ்சம் தேறி இருக்கு. ஆனா சாஞ்ச இடத்துல எல்லாம் சீமைக் கருவேலம் முந்திக்குது. அதைப் பத்தி எழுதினா இன்னைக்கு முடியாது.

நவம்பர் 17
வழி கேட்டவருக்கு: திருத்துறைப்பூண்டியிலேர்ந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை ரயில் 2023 ஏப்ரல்லேர்ந்து ஓடுது, 37 கி.மீ. அதுக்கு மேல ரோடுதான். முன்னாடி மீட்டர்கேஜ்ல கோடியக்கரை வரைக்குமே ரயில் போச்சு, மாமா அதுல போயிருக்கார், அந்த ஸ்டேஷனை வச்சே இப்பவும் சில பேர் இடம் சொல்றாங்க. வேதாரண்யத்துலேர்ந்து கோடியக்கரை 12 கி.மீ. போல. வழியில அகஸ்தியம்பள்ளியில உப்பு சத்தியாகிரக ஸ்தூபி இருக்கு, இறங்கிப் பாருங்க. 1930 ஏப்ரல் 13 திருச்சியில கிளம்பின ராஜாஜியும் தொண்டருங்களும் 30ஆம் தேதி உப்பு அள்ளின ஊரு அது. ஸ்தூபியைச் சுத்தி இன்னைக்கும் உப்பளம்தான்.

கடைசி முனை வரைக்கும் வண்டி போகாது. ஊரு வரைக்கும் போகும், அதுக்கப்புறம் காடு, வனத்துறை அனுமதி வேணும், மிச்சத்தை நடக்கணும். நடக்கிறதுதான் நல்லது.

டிசம்பர் 3
பேரைப் பத்தி. கோடியக்கரையோட இங்கிலீஷ் பேரு "பாயின்ட் காலிமர்", அது கள்ளிமேடுங்கிற தமிழ்ப் பேரு வெள்ளைக்காரன் நாக்குல மாறினதுன்னு ஒரு விளக்கம் உண்டு. இங்க கிடக்கிற மணல்மேட்டையும் கள்ளியையும் பார்த்தா எனக்கு அது நம்புற மாதிரிதான் இருக்கு.

இதைவிட சுவாரசியம் தாலமிங்கிற பழைய கிரேக்க புவியியல் அறிஞர். கி.பி. 2ஆம் நூற்றாண்டுல அவர் எழுதினதுல 'கோரி'ன்னு ஒரு முனை வருது, அதுக்கு 'கல்லிகிகான்'னு இன்னொரு பேரும் தர்றார். கோரின்னா கோடின்னு வச்சுக்கிட்டா, எந்தக் கோடி? தனுஷ்கோடின்னு ஒரு கட்சி, கோடியக்கரைன்னு ஒரு கட்சி. முதல் கேள்வியில தனுஷ்கோடியை இழுத்தீங்கல்ல, ரெண்டாயிரம் வருஷமா இந்தக் குழப்பம் ஓடுது. ரெண்டும் கோடி, ரெண்டும் மணல், ரெண்டுலயும் சேதுவுல முழுக்குப் போடுற வழக்கம் இருக்கு. ஆனா ஆள் வேற வேற. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஒரு ஊரு. இங்க புயலும் தண்ணியும் எத்தனை தடவை வந்தாலும் ஊரு எழுந்துக்கும், அடையாளம்தான் போயிடும். இதை நவம்பர் 12ல எழுதியிருக்கணும், அப்ப தோணல.

டிசம்பர் 23
கேள்வி கேட்டவர் ஃப்ரெண்டுகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். அவர் சொன்னதுதான் சரி.

நேத்து கோடியக்கரையில இருந்தேன். காலையில மார்கழிப் பனியில கிழக்குக் கரையில உதயம் பார்த்தோம், அது தெரிஞ்சதுதான். சாயங்காலம் முனைப் பக்கம் நடந்தோம், தெற்குக் கரை ஓரமா. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி மாமா என் தோளைத் திருப்பி "அங்க பாருடா மாப்ள"ன்னார். சூரியன் தென்மேற்கே, நேரா பாக் நீரிணைக்கு மேல! சதுப்பு எங்கயோ வலது பக்கம் தள்ளிக் கிடக்குது. அடியில கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, ஆனா சிவப்பா ஒரு வட்டம், அடியில தட்டையாகி, தண்ணியிலயே இறங்குச்சு. தண்ணி அந்தப் பக்கம் குளம் மாதிரி, அலையே இல்ல, ஈர மணல்ல அந்தச் சிவப்பு என் காலடி வரைக்கும் நீண்டு வந்து, சின்னச் சின்ன நண்டு ஓடுறப்ப மட்டும் கலைஞ்சுச்சு. முப்பது வருஷமா வர்றேன், இதை நான் பார்த்ததே இல்ல.

ஏன்னு யோசிச்சா ரொம்ப எளிசு. நான் எப்ப வருவேன்? கோடை லீவுக்கு. கோடையில சூரியன் மேற்குக்கு வடக்கே தள்ளி இறங்கும், அப்ப நமக்கும் அதுக்கும் நடுவுல சதுப்பு. தெற்குக் கரை கிட்டத்தட்ட நேர் மேற்கே ஓடுறதால, சூரியன் மேற்குக்குத் தெற்கே தள்ளி இறங்குற மாசத்துல, அதாவது செப்டம்பர் கடைசியிலேர்ந்து மார்ச் வரைக்கும், கடல் பக்கம் விழும். விளிம்பு மாசத்துல கரையை ஒட்டி இறங்கும், மார்கழியில நல்லா உள்ளே தள்ளி இறங்கும். உதயத்துக்கு இந்தப் பிரச்சினை இல்ல, கிழக்கே பூரா கடல்.

நவம்பர் 9ல எழுதினதை அழிக்காம விடுறேன், கீழ வரைக்கும் படிக்கிறவங்களுக்கு ரெண்டும் தெரியட்டும்.

டிசம்பர் 24
பூநாரை பார்த்தீங்களான்னு கேக்குறாங்க. பார்த்தோம். கோவைத்தீவுப் பக்கம், தூரத்துல முதல்ல உப்பு அம்பாரம்னு நினைச்சேன், வெள்ளையா ஒரு நீளக்கோடு. அப்புறம் அந்தக் கோடு நகர்ந்துச்சு. பைனாகுலர்ல பார்த்தா அத்தனையும் தலைகீழா மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டு சலிச்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணு எழும்பினதும் சேர்ந்து எழும்புது, இறக்கைக்கு அடியில அந்த ரோஜா நிறமும் கருப்பும் ஒரே நேரத்துல திறக்கும்போது கூட இருந்த சித்தி பொண்ணு கத்திட்டா.

இந்த இடத்தோட மதிப்பைக் கண்டுபிடிச்சதுல பெரிய பங்கு பறவை அறிஞர் சாலிம் அலிக்கு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்க பல வருஷமா பறவைக்கு வளையம் மாட்டி எங்கேர்ந்து வருதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கு. 1967ல வெளிமானுக்காக சரணாலயம் ஆச்சு, 2002ல ராம்சார் தளம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம். தண்ணி மட்டம்தான் இங்க எல்லாத்தையும் தீர்மானிக்கும். மழை கூடிப் போயி ஆழம் ஆயிட்டா பூநாரை கால் எட்டாது, மழை இல்லன்னா உப்பு ஏறிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழ ஆழம் இருக்கிற வருஷம் அதுங்களுக்குக் கொண்டாட்டம்.

ஜனவரி 8
மீன் சீசன் நடக்குது. அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடக்கே இருக்கிற ஊர்க்காரங்க குடும்பத்தோட வந்து கரையில கீத்துக்கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் பார்ப்பாங்க. காலா, வாவல், நண்டு எல்லாம் கரையிலயே ஏலம் போகும். வாடைக்காத்து அடிச்சு கிழக்குக் கடல் கொந்தளிச்சாலும் முனைக்குத் தெற்கே ஒதுக்கமா இருக்கும். அதுக்காகத்தான் வர்றாங்க.

அப்படி வந்த ஒரு பெரியவர்கிட்ட நவம்பர் 13ல எழுதின கணக்கைச் சொல்லி, "ஐயா, அடையாளம் எதை வச்சுப் பிடிப்பீங்க"ன்னு கேட்டேன். வலை பின்னிக்கிட்டே சொன்னாரு: "ஒண்ணை வச்சுப் பிடிக்க முடியாது தம்பி. முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வேணும். பின்னால பெரிய விளக்கு, முன்னால ஒத்தப் பனை. ரெண்டும் ஒண்ணா நின்னா நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். பனை இந்தப் பக்கம் விலகினா நீவாடு (கடல் நீரோட்டம்) என்னை இழுக்குதுன்னு அர்த்தம்." அந்தப் பனை கஜாவுல போச்சாம். இப்ப என்னன்னு கேட்டேன். "இப்ப செல்போன் டவரு"ன்னாரு. ஜிபிஎஸ் மெஷினும் வச்சிருக்காரு, ஆனா அதைப் பார்த்த பிற்பாடும் ஒரு தடவை கரையைத் திரும்பிப் பார்த்துக்குவாராம்.

நான் முனையைப் படமா, பேரா, கணக்கா தேடிக்கிட்டு இருந்தேன். இவரு ரெண்டு பொருளைக் கோடு சேர்த்து வச்சுக்கிட்டுப் பொழைக்கிறாரு.

ஜனவரி 30
நேத்து தை அமாவாசை. கோடியக்கரை ஆதிசேதுவுல முழுக்குக்கு விடியறதுக்கு முன்னாடியே கூட்டம். வருஷத்துல ஆடி, தை ரெண்டு அமாவாசைக்கும் இந்த ஆளில்லாத முனை நிறைஞ்சிடும், மத்தியானத்துக்குள்ள காலி ஆயிடும். அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன், அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணினோம்.

திரும்பற வழியில குழகர் கோயில். சுந்தரர் சேரமான் பெருமாளோட இங்க வந்தப்ப, காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல சாமி தன்னந்தனியா இருக்கிறதைப் பார்த்துத் தாங்காம, கடற்காத்து இப்படி வந்து மோதுற இடத்துல யாரைத் துணையா வச்சுக்கிட்டு இருக்கீருன்னு கேட்டுப் பாடினார். அம்மா அந்தப் பதிகத்தை முணுமுணுத்துக்கிட்டே பிரகாரம் சுத்தினாங்க. முதல் பாட்டுலயே கடற்காத்து வருது. வெளியில அதே காத்து. செங்கல் தூண் போச்சு, பாலை போச்சு, பனை போச்சு, அந்தக் காத்து மட்டும் அவர் சொன்ன மாதிரியே அடிக்குதுன்னு அப்பதான் உறைச்சுது.

பிப்ரவரி 11
கடைசியா ஒருத்தர் "முனை துல்லியமா எந்த இடம், பாயின்ட் அனுப்புங்க"ன்னு கேட்டிருக்கார். அனுப்பினா அடுத்த வருஷம் தப்பாயிடும். வாடைக்காத்து காலத்துல கடல் வடக்கேர்ந்து மணலை இழுத்துக்கிட்டு வந்து இந்த மடக்குல போடுது, சோழகக்காத்து (தெக்கத்திக் காத்து) காலத்துல வேற மாதிரி ஒதுக்குது. போன மாசம் நாங்க நின்ன மணல் நாக்கு டிசம்பர்ல பார்த்ததைவிட மேற்கே வளைஞ்சு கிடந்துச்சு. மாமா சொல்ற வழி இதுதான்: கிழக்குக் கரையில தெற்கே பார்த்து நடங்க. இடது காது பக்கம் அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே வரும். ஒரு இடத்துல அது பின்னாடி போயிடும், முன்னாடி சத்தமே இருக்காது. அங்க நில்லுங்க.

மார்கழியில போங்க. உதயம் பார்க்கக் கிளம்பும்போதே சாயங்காலத்துக்கும் சேர்த்துத் தண்ணி எடுத்துக்கங்க, காட்டைத் தாண்டினா ஒரு கடை கிடையாது.